எது இல்லாமல் காலி? பௌத்தச் சூனியத்தை ஒரு சின்ன வலியில் பழகிப் பார்க்க ஒரு வழிகாட்டி

சூனியம் என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது முச்சந்தியும் எலுமிச்சம்பழமும்தான். "யாரோ சூனியம் வெச்சுட்டாங்க" என்று கேட்டுப் பழகியவர்களிடம் போய் "எல்லாம் சூனியம்" என்றால், ஒன்று பயப்படுவார்கள், இல்லையென்றால் "என்னாச்சு, வாழ்க்கையே வெறுத்துப்போச்சா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். பௌத்தம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சொல்வது வேறு.

'வீடு காலியாக இருக்கிறது' என்றால் வீடே இல்லை என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. வீடு இருக்கிறது, குடியிருக்க ஆள் இல்லை. எண்ணெய்ப் பாட்டில் காலி என்றால் பாட்டில் இருக்கிறது. காலி என்ற சொல் வரும்போதே, 'எது இல்லாமல் காலி?' என்ற கேள்வியும் கூட வந்துவிடுகிறது. சூனியமும் அப்படிப்பட்ட சொல்தான். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் (35.85), அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் அவரிடம் இதையே கேட்கிறார்: உலகம் சூனியம், உலகம் சூனியம் என்கிறார்களே, எந்த அளவில் அப்படிச் சொல்வது? பதில் சுருக்கமானது. தான் என்பதும் தனக்குரியது என்பதும் இல்லாததால் சூனியம். கண் இருக்கிறது, காட்சி இருக்கிறது, பார்ப்பதால் எழும் சுகமும் வலியும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பட்டா வைத்திருக்கும் உரிமையாளர் மட்டும் உள்ளே இல்லை.

அந்த ஒரு கேள்வியை நம் வலி ஒன்றிடம் நிதானமாகக் கேட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

பழகுவதற்கு எந்த வலியை எடுப்பது?

சின்னதாக எடுங்கள். மரணம், பெரிய நோய், வீட்டில் நடக்கும் வன்முறை இவற்றில் தொடங்க வேண்டாம். நீச்சல் பழகுகிறவரைக் கடலில் இறக்குவதில்லை. அதே நேரம், உண்மையாகவே உறுத்துகிற ஒன்றாக இருக்க வேண்டும். நினைத்தால் இன்றும் முகம் சுடுகிற ஒன்று.

நான் எடுத்துக்கொண்டது ஒரு கல்யாணப் பத்திரிகையை. சில வருடங்களுக்கு முன்பு பெரியப்பா வீட்டுத் திருமணம். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே இரண்டு பத்தியாகப் பெயர்கள். அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள், பேரக்குழந்தைகள்கூட இருந்தார்கள். என் பெயர் இல்லை. தங்கைதான் முதலில் கவனித்தாள். "அண்ணா, பத்திரிகையை முழுசாப் பாத்தியா?" என்றாள். அவள் கேட்கும்வரை எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்புறம் மூன்று மாதம் அந்தப் பட்டியலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பது தெரியும். அதனாலேயே பழகுவதற்கு நல்ல விஷயம்.

படி ஒன்று: முதல் அம்பையும் இரண்டாவதையும் பிரிப்பது

சம்யுத்த நிகாயத்தின் மற்றொரு சுத்தத்தில், அதாவது புத்தர் உரையில் (36.6), புகழ்பெற்ற உவமை ஒன்று வருகிறது. ஒருவனை ஓர் அம்பு தைக்கிறது. உடனே இரண்டாவது அம்பும் தைக்கிறது. உடம்பில் படும் வலி முதல் அம்பு. அதற்காகப் புலம்பித் தவிப்பது இரண்டாவது. பயிற்சி உள்ளவருக்கும் முதல் அம்பு படும்.

பெயரைக் காணோம் என்று தெரிந்த நொடியில் வயிற்றில் ஏதோ இறங்கியது. அது முதலாவது. 'என்னை அவர்கள் மனிதனாகவே மதிக்கவில்லை' என்பது இரண்டாவது. ஒரு தாளில் இரண்டையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள். இந்தப் படிக்கு அவ்வளவு போதும், பத்து நிமிட வேலை.

படி இரண்டு: 'நான்' என்பதைக் கையும் களவுமாகப் பிடிப்பது

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'நான் என்று எதுவும் இல்லை' என்று ஏதோ ஒரு பேச்சில் கேட்டதை மனப்பாடமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எதை இல்லை என்கிறோம் என்பதே தெரியாமல் இல்லை என்பதால் ஒரு பயனும் கிடையாது. திருடன் எப்படி இருப்பான் என்று தெரியாமல் ஊரெல்லாம் தேடுகிற காவல்காரனைப் போன்றது அது.

14-ஆம் நூற்றாண்டில் பிறந்த திபெத்திய ஆசான் சோங்கபாவின் மரபில், மறுக்க வேண்டிய பொருளை முதலில் அடையாளம் காண் என்பது அழுத்தமான பாடம். அதற்கு அவர்கள் சொல்லித் தரும் வழியும் எளிது. செய்யாத குற்றத்தை யாரோ உங்கள்மேல் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் "திருடன்" என்று கை நீட்டுகிறார்கள். 'நானா?' என்று உள்ளே ஒன்று சட்டென நிமிர்கிறதே, அதைப் பாருங்கள்.

அந்த 'நான்' எப்படித் தெரிகிறது? உடம்பையும் மனத்தையும் சேர்த்து வைத்துக்கொண்ட பெயராகத் தெரியவில்லை. அவற்றுக்குள் எங்கோ தனியாக, கெட்டியாக, சின்ன வயதிலிருந்து மாறாமல் உட்கார்ந்துகொண்டு, 'இது என் உடம்பு, இது என் மனம்' என்று அதிகாரம் செய்வதாகத் தெரிகிறது. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் இருப்பதுபோல எனக்குத் தோன்றும். உங்களுக்கு வேறிடமாக இருக்கலாம். நேராகத் திரும்பிப் பார்த்தால் நழுவிவிடும். ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல, கோபத்தை அதன் போக்கில் விட்டு, மனத்தின் ஒரு மூலையால் கவனிக்க வேண்டும்.

இந்தப் படியிலேயே ஒரு வாரம் இருந்தாலும் தப்பில்லை. பேருந்தில் யாராவது காலை மிதித்தால், அலுவலகத்தில் நம் யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால், உடனே உள்ளே பாருங்கள். 'நான் நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்பதில் வரும் நான் வேறு. அது வெறும் புழக்கச் சொல். அதை யாரும் மறுக்கவில்லை, மறுத்தால் பயணச்சீட்டுக்கூட எடுக்க முடியாது.

படி மூன்று: தேடிப் பார்ப்பது

சாகல நகரத்தில் மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் நாகசேனர் என்ற பிக்குவை, அதாவது பௌத்தத் துறவியைச் சந்தித்த கதை பாலி இலக்கியத்தில் உண்டு. 'நாகசேனன் என்பது வெறும் பெயர், அந்தப் பெயருக்குரிய ஆள் என்று ஒருவர் உள்ளே இல்லை' என்கிறார் பிக்கு. அரசன் விடுவதாக இல்லை. நீங்கள் எதில் வந்தீர்கள் என்று பிக்கு திருப்பிக் கேட்கிறார். தேரில் வந்தேன். அச்சு தேரா? இல்லை. சக்கரம்? இல்லை. நுகம்? இல்லை. எல்லாவற்றையும் குவித்து வைத்தால் தேரா? அதுவும் இல்லை. இவற்றை விட்டுத் தனியாகத் தேர் என்று ஒன்று இருக்கிறதா? இல்லை. அப்படியானால் தேரில் வந்தேன் என்றது பொய்யா? பொய்யில்லை, இந்த உறுப்புகளைச் சார்ந்து தேர் என்று பெயர் வழங்குகிறது என்று அரசனே சொல்லும்படி ஆகிறது. இதே தேர் உவமையை வஜிரை என்ற பிக்குணி, மனத்தைக் கலைக்க வரும் மாரனுக்குப் பதிலாகச் சொன்ன பாடல் சம்யுத்த நிகாயத்திலேயே இருக்கிறது. நாகசேனரும் அந்தப் பாடலைத்தான் கடைசியில் எடுத்துக் காட்டுகிறார்.

பௌத்தச் சிந்தனையாளர் நாகார்ஜுனர் இதை இரண்டே சாத்தியங்களாகச் சுருக்குகிறார். அவருடைய மூலமத்தியமக காரிகை என்ற நூலின் 18-ஆவது அதிகாரம் இப்படித் தொடங்குகிறது: ஆன்மா என்பது உடல்மனக் கூறுகளே என்றால் அவற்றைப் போலவே அதுவும் தோன்றி மறைய வேண்டும், அவற்றிலிருந்து வேறு என்றால் அவற்றின் அடையாளம் எதுவும் அதற்கு இருக்க முடியாது.

சரி, பத்திரிகைக்கு வருவோம். அவமானப்பட்ட அந்த 'நான்' எது? என் பெயரா? அது அப்பா வைத்தது. எங்கள் தெருவிலேயே அதே பெயரில் இன்னொருவர் இருந்தார், அவர் பெயரும்தான் பத்திரிகையில் இல்லை. உடம்பா? அதற்கு ஒரு கீறலும் இல்லை. வயிற்றில் இறங்கிய அந்த உணர்ச்சியா? அது அரை மணியில் போய்விட்டது. நான் அதுவென்றால் நானும் போயிருக்க வேண்டும். நினைவா? தங்கை சொல்வதற்கு முன்பு அந்த நினைவே கிடையாது. இவற்றையெல்லாம் அறிகிற அறிவா? அது அடுப்பில் தோசை தீய்வதையும் அதே நேர்மையோடு அறிந்துகொண்டிருந்தது, அதற்கு மான அவமானம் இருப்பதாகத் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்த தொகுப்பா? தொகுப்பு என்பதும் நாம் வைத்த பெயர்தானே. இவை எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் தனியாக எதாவது மிஞ்சுகிறதா?

அவசரப்படாமல் தேட வேண்டும். ஒரு சின்ன அறையில் சாவியைத் தேடுகிறோம். மேசையைப் பார்த்தாயிற்று, தலையணைக்கு அடியில் பார்த்தாயிற்று, சட்டைப் பைகளைத் திருப்பியாயிற்று. 'இங்கே இல்லை' என்று ஒரு கட்டத்தில் உறுதி வருமே, அந்த உறுதி வர வேண்டும். வந்தபின் உடனே எழுந்து ஓடாமல் அந்த இல்லாமையிலேயே கொஞ்ச நேரம் இருங்கள். முதல் சில முறை ஒன்றுமே நடக்காது, தர்க்கம் மட்டும் ஓடும். ஒரு நாள், கேள்வியை முடிக்கும் முன்பே தொண்டையில் இருந்த இறுக்கம் பிடிமானம் இல்லாமல் தளர்வது தெரியும். சிலருக்கு அந்த நேரத்தில் லேசான பயமும் வரும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

படி நான்கு: எதிரில் இருப்பவரையும் அதே கேள்வி கேட்பது

தான் சூனியம், எதிரி மட்டும் கெட்டி என்று நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான். பொதுக் காலக் கணக்கில் 2-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் நாகார்ஜுனர் அந்த நூலின் 27 அதிகாரங்களில் செய்வது இந்த மீதிப் பாதியைத்தான். இயக்கம், காலம், வினை, நிர்வாணம் என்று எதைத் தொட்டாலும் அதில் 'ஸ்வபாவம்' இல்லை என்கிறார். தன்னைத்தானே தாங்கிக்கொண்டு, வேறெதையும் சாராமல் நிற்கிற இயல்பு என்று பொருள்.

இந்தச் சொல் நமக்குப் புதிதில்லை. "அவர் சுபாவமே அப்படித்தான்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது யாரைப் பற்றியாவது சொல்லிவிடுகிறோம். பெரியப்பாவைப் பற்றி நானும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு மனிதரைச் சிலையாக்கி நட்டுவிடுகிறோம், பிறகு அந்தச் சிலையோடு சண்டை போடுகிறோம்.

24-ஆவது அதிகாரத்தின் 18-ஆவது காரிகை, அதாவது பாடல், சார்ந்து தோன்றுவதையே சூனியம் என்கிறோம், அதுவே நடுவழி என்கிறது. ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியது ஒரு பட்டியல் போடுவது. அந்தச் சம்பவம் எதையெல்லாம் சார்ந்து நடந்தது? விசாரித்தபோது தெரிந்தது: பழைய பத்திரிகை ஒன்றைப் பார்த்து ஒரு தம்பி கைப்பேசியில் பெயர்களைத் தட்டச்சு செய்திருக்கிறான். அந்தப் பழைய பத்திரிகை வந்தபோது நான் வேலைக்காக வடக்கே இருந்தேன், போன் செய்வதுகூட இல்லை. அச்சகத்தில் இரண்டு பத்திக்குள் அடங்க வேண்டும் என்றார்களாம். திருத்தப் படியை இரவு பதினொரு மணிக்கு, கல்யாண மண்டபத்துப் பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டே யாரோ பார்த்திருக்கிறார்கள். என் பக்கத்துச் சார்புகளையும் எழுதினேன்: பத்திரிகையில் பேர் வந்தால்தான் ஆள் என்று சின்ன வயதில் பதிந்தது, அந்த வருடம் வேலையில் பட்ட வேறு அடிகள், தங்கையின் அந்தக் கேள்வி. வெளிநாட்டில் இருக்கும் அத்தை பையன் பெயரும் விடுபட்டிருந்தது. அவனுக்கு இன்றுவரை அது தெரியாது. அவமானம் அந்தத் தாளிலேயே அச்சாகியிருந்தால் அவனுக்கும் பட்டிருக்க வேண்டுமே.

தமிழில் இதற்கு அழகான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மணிமேகலை, சார்பில் தோன்றும் பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். இதில் நம் பயிற்சிக்கு நடுவில் உள்ள நான்கு போதும். கண்ணும் அச்செழுத்தும் சந்திப்பது ஊறு. வயிற்றில் இறங்கியது நுகர்வு. 'என் பெயர் இருந்திருக்க வேண்டும்' என்பது வேட்கை. 'இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்' என்பது பற்று. ஊறும் நுகர்வும் நம் கையில் இல்லை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் கத்தி நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது.

படி ஐந்து: உட்கார்ந்து கழிப்பது

இதுவரை செய்தது யோசனை. யோசனையால் தளர்ந்ததை உடம்பு ஏற்றுக்கொள்ள உட்கார வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பாடம், இன்னொரு பாலித் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 121-ஆவது சுத்தம், சூளசுஞ்ஞதம், அதாவது சூனியத்தைப் பற்றிய சிறிய உரை.

சாவத்தி நகரில், மிகாரமாதா எனப்படும் விசாகை என்ற பக்தையின் மாளிகையில் புத்தர் இருக்கிறார். நீங்கள் பெரும்பாலும் சூனியத்தில் உறைவதாகச் சொன்னதை ஒருமுறை கேட்டேனே, சரியாகத்தான் கேட்டேனா என்கிறார் ஆனந்தர். சரியாகவே கேட்டாய் என்று சொல்லிவிட்டு, புத்தர் இருவரும் இருக்கிற கட்டடத்தையே உதாரணமாக எடுக்கிறார். இந்த மாளிகையில் யானை இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, பொன்னும் வெள்ளியும் இல்லை, ஆண் பெண் கூட்டம் இல்லை. பிக்கு சங்கம் மட்டும் இருக்கிறது. இப்படியே ஊர் என்ற எண்ணத்தை விட்டு வனத்தை மட்டும் நினைக்கிறார் பிக்கு; பிறகு வனத்தையும் விட்டு, மேடு பள்ளம் ஆறு முள் எதுவும் இல்லாமல் நூறு முளைகள் அடித்துச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டிய காளைத் தோல்போல நிலத்தை மட்டும் நினைக்கிறார். ஒவ்வொரு படியிலும் ஒரே விதி. எது இல்லையோ அதை இல்லை என்று காண வேண்டும், எது எஞ்சியதோ அதை 'இது இருக்கிறது' என்று அறிய வேண்டும். கூடவே ஒரு கணக்கு: முந்தைய எண்ணத்தால் வந்த 'தரதம்' இப்போது இல்லை, இந்த எண்ணத்தால் வரும் தரதம் மட்டும் இருக்கிறது. தரதம் என்ற பாலிச் சொல்லுக்கு உளைச்சல் என்ற நம் சொல் அப்படியே பொருந்துகிறது.

நிலத்துக்கு மேலே ஆகாயம், விஞ்ஞானம் (அறிவியல் அல்ல, உணர்வு) என்று போகும் படிகள் ஆழ்ந்த சமாதி கைவந்தவர்களுக்கு. நமக்கு முதல் மூன்றே தாராளம். நான் செய்கிற முறை இது:

இருபது நிமிடம். அறைக்கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். முதலில், இந்த அறையில் இப்போது எது இல்லை என்று பாருங்கள். பத்திரிகை இல்லை. பெரியப்பா இல்லை. மண்டபம் இல்லை, சொந்தக்காரர் யாரும் இல்லை. இது சமாதானத்துக்குச் சொல்வது இல்லை, நிஜமாகவே அவர்கள் அறையில் இல்லை. என்ன மிச்சம்? அறை, மின்விசிறிச் சத்தம், உடம்பு, சம்பவத்தைப் பற்றிய எண்ணம். அந்த எண்ணம் இருந்தால் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், விரட்ட வேண்டாம். உளைச்சல் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு மிச்சம் என்று ஒருமுறை பாருங்கள். அடுத்து, அறையின் பொருள்களையும் விடுங்கள். நாற்காலி, கடிகாரம், துவைக்க வேண்டிய துணி எதுவும் வேண்டாம். தரை மட்டும், தரையும் அதன்மேல் அழுந்தியிருக்கும் உடம்பின் பாரமும். காளைத் தோல் உவமை இங்கே உதவும். திரும்பவும் கணக்குப் பாருங்கள். மனம் மண்டபத்துக்கு ஓடிப் போனால், போய்விட்டது என்று தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். கடைசி மூன்று நிமிடம் எதையும் கழிக்காமல் சும்மா இருங்கள். எழும்போது, விட்டுவந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுங்கள். சட்டென எழுந்தால் எரிச்சல்தான் வரும்.

இந்தச் சுத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் முடிவுப் பகுதி. எல்லாவற்றையும் கழித்து, மன மாசுகளிலிருந்து விடுபட்டவருக்கும்கூட ஓர் உளைச்சல் மிச்சமிருக்கிறதாம்: உயிர் இருக்கும்வரை இந்த உடம்பையும் ஆறு புலன்களையும் சார்ந்து வருவது. முழங்கால் வலி போய்விடும் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

எங்கே வழுக்கும்?

சூனியத்தைத் தவறாகப் பிடித்தால் அது அறிவு குறைந்தவனை அழித்துவிடும், தவறாகப் பிடித்த பாம்பைப் போல, தவறாகச் செய்த மந்திர வித்தையைப் போல என்கிறார் நாகார்ஜுனர் (24.11). மந்திரம் தப்பினால் ஏவியவன்மீதே திரும்பும் என்று நம் ஊரில் சொல்வது இதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகிறது பாருங்கள்.

முதல் வழுக்கல், 'எல்லாம் சூனியம், அதனால் எதைச் செய்தாலும் ஒன்றுதான்' என்பது. வாங்கிய கடனும் சூனியம்தானே என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சார்ந்து தோன்றுவதுதான் சூனியம் என்றால், செய்கைக்கு விளைவு உண்டு என்பதும் அதிலேயே அடக்கம். புழக்கத்து உண்மையைச் சாராமல் உயர்ந்த உண்மையைச் சொல்லித்தர முடியாது என்று அதே அதிகாரம் சொல்கிறது.

இரண்டாவது, சூனியத்தையே ஒரு கொள்கையாகக் கட்டிக்கொண்டு வாதத்துக்குக் கிளம்புவது. அவர்களுக்கு மருந்தே கிடையாது என்று நாகார்ஜுனர் கைவிரித்துவிட்டார். நானும் ஒரு வருடம் அப்படித் திரிந்தேன், வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவதுதான் கொடுமையானது: அடுத்தவர் வலியின்மேல் இதைப் பிரயோகிப்பது. இழவு வீட்டில் போய் 'தேர் என்று ஒன்று இல்லை' என்று பேசாதீர்கள். அங்கே பந்தலுக்கு நாற்காலி எடுத்துப் போடுவதுதான் வேலை. அநியாயத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லும் கருவியாகவும் இதை ஆக்கக் கூடாது. அடிக்கிறவர் சூனியம் என்று சொல்லி அடி வாங்கிக்கொண்டிருக்க எந்தச் சுத்தமும் சொல்லவில்லை.

இன்னொன்று. தூக்கம் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், உலகமே கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல வாரக்கணக்கில் தோன்றினால் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த மரத்துப்போன நிலைக்கும் சூனியத்துக்கும் தொடர்பில்லை.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

அனுபவம் எவ்வளவு வினோதமாக இருந்தது என்பது அளவுகோல் ஆகாது. உளைச்சல்தான் அளவுகோல். அதே நினைவு வரும்போது எவ்வளவு நேரம் நிற்கிறது? முன்பு சொல்ல முடியாததை இப்போது சொல்ல முடிகிறதா? எதிரில் இருப்பவரிடம் இதுவரை பார்க்காத ஒன்றாவது கண்ணில் படுகிறதா? நான் பெரியப்பாவுக்கு போன் செய்ய ஏழு மாதம் ஆயிற்று. பத்திரிகையைப் பற்றிப் பேசவே இல்லை. அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

போன தை மாதம் அதே வீட்டில் அடுத்த கல்யாணம். பத்திரிகையில் என் பெயர் இருந்தது, ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரத்தோடு. வயிற்றில் பழையபடி ஒன்று இறங்கியது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று போனை எடுத்தேன், பிறகு மேசைமேல் வைத்துவிட்டுக் காபியைக் குடித்தேன். அது இன்னும் ஆறியிருக்கவில்லை.